புல்லட் 350: வார்ப்பிரும்பு எஞ்சினும் யு.சி.இ. எஞ்சினும் – ஓர் ஒப்பாய்வு

ராயல் என்ஃபீல்டு புல்லட் 350, 1950களின் நடுவில் சென்னைத் திருவொற்றியூரில் உற்பத்தி தொடங்கி இன்றுவரை தொடரும் மோட்டார் சைக்கிள். இதன் இந்திய வரலாற்றில் இரண்டு தலைமுறைகள் அதிகம் ஒப்பிடப்படுகின்றன. ஒன்று, 2010ஐ ஒட்டி உற்பத்தி நின்ற வார்ப்பிரும்பு எஞ்சின் வண்டி. மற்றொன்று, அதன் இடத்தைப் பிடித்த யு.சி.இ. வண்டி, 'யூனிட் கன்ஸ்ட்ரக்‌ஷன் எஞ்சின்' என்பதன் சுருக்கம் அது. எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் அமைந்தது என்பது பொருள்.

பழைய வண்டியில் 'உயிர்' இருந்தது, புதியதில் இல்லை என்பது புல்லட் விரும்பிகளிடம் வழக்கமாகக் கேட்கும் குறை. பெரும்பாலும் சத்தத்தை வைத்தே இது சொல்லப்படுகிறது. பழைய வண்டியோடு ஒன்று தொலைந்தது உண்மைதான். ஆனால் தொலைந்தது சத்தம் என்பது தவறான கணிப்பு. ஓட்டுபவரும் தெருமுனை மெக்கானிக்கும் திறந்து பார்க்கக்கூடிய எஞ்சின் என்ற தன்மைதான் குறைந்தது. அதற்கு ஈடாகக் கிடைத்தவையும் சிறியவை அல்ல.

== பழைய எஞ்சினின் அமைப்பு ==

புல்லட் என்ற பெயர் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் 1932இல் பிறந்தது. இந்தியா அறிந்த வடிவம் 1940களின் இறுதியில் வந்த மாதிரியிலிருந்து கிளைத்தது. இந்திய ராணுவத்தின் தேவைக்காக மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் ரெட்டிச் நிறுவனமும் கூட்டுச் சேர்ந்து 1955இல் என்ஃபீல்டு இந்தியா உருவானது. முதலில் உதிரிப் பாகங்கள் கப்பலில் வந்து இங்கே பூட்டப்பட்டன. 1962 வாக்கில் எல்லாப் பாகங்களும் இந்தியாவிலேயே செய்யப்பட்டன. 1970இல் இங்கிலாந்தில் தாய் நிறுவனம் மூடப்பட்டபோது திருவொற்றியூர் ஆலைக்கு ஒன்றும் நேரவில்லை. பழைய புல்லட்டின் நீண்ட ஆயுளுக்கு இதுவே முதல் காரணம். பின்னால் வரும் ராணிப்பேட்டைக் கதைக்கும் இது தேவைப்படும்.

எஞ்சின் 346 சிசி. சிலிண்டரின் விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மி.மீ. விட்டத்தைவிட ஓட்டம் நீளமாக இருப்பதாலும் உள்ளே சுழலும் பிளைவீல் கனமாக இருப்பதாலும் எஞ்சின் மெதுவாகச் சுழன்றே இழுவை தரும். சக்தி சுமார் 18 குதிரைத்திறன். சிலிண்டர் வார்ப்பிரும்பு, 'காஸ்ட் அயர்ன் புல்லட்' என்ற பெயர் அதனால் வந்தது. கியர்பாக்ஸ் எஞ்சினோடு சேராத தனிப் பெட்டி. அதில் 4 கியர். எஞ்சினுக்கு ஓர் எண்ணெய், பிரைமரி செயின் பெட்டிக்கு ஓர் எண்ணெய், கியர்பாக்ஸுக்கு வேறொன்று. மூன்றும் ஏதாவதொரு இணைப்பில் கசியும். வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்த் துளி இல்லையென்றால் எண்ணெயே தீர்ந்துவிட்டது என்று பொருள் என்ற கேலி அதனால்தான்.

கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. கியர் மிதிக்கு அருகில் இன்னொரு சிறிய மிதி இருக்கும். அதைக் குதிகாலால் அழுத்தினால் உயர்ந்த கியரிலிருந்து நேராக நியூட்ரலுக்கு வரலாம். 'நியூட்ரல் பைண்டர்' என்ற இந்த ஏற்பாட்டை மிஞ்சும் ஒன்றைப் பிந்தைய எந்த புல்லட்டும் தரவில்லை. சிக்னலில் நின்றபின் நியூட்ரல் தேடித் தவித்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

கிளப்புவது தனி வித்தை. பாயிண்ட் வகைப் பற்றவைப்பு கொண்ட வண்டியில் சாவியைத் திருப்பினால் அம்மீட்டர் முள் கழித்தல் பக்கம் சாயும். கிக்கரை மெல்ல அழுத்தி, முள் நடுவுக்கு வரும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பாயிண்ட் திறக்கும் தருணம் அது. பிறகு டிகம்ப்ரஸர் நெம்புகோலைப் பிடித்துப் பிஸ்டனை உச்சியைத் தாண்டச் செய்து, நெம்புகோலை விட்டு, கிக்கரை மேலே கொண்டுவந்து ஒரே மிதி. முறை தெரிந்தவருக்கு எடை குறைந்த உடம்பே போதும். தெரியாதவரைக் கிக்கர் திருப்பி அடிக்கும்.

இந்தச் சடங்கை வீரத்தின் அடையாளமாகப் பேசுவது வழக்கம். உண்மையில் அது ஓட்டுபவருக்கு எஞ்சினின் உட்புறத்தைக் கற்றுக்கொடுத்தது. பிஸ்டன் எங்கே நிற்கிறது, பாயிண்ட் எப்போது திறக்கிறது என்பதை அறியாமல் இந்த வண்டியை வைத்திருக்க முடியாது. அதே காரணத்தால் பலர் அதை வைத்திருக்கவே முடியவில்லை.

== மாற்றத்துக்குக் காரணம் ==

வார்ப்பிரும்பு எஞ்சினை நிறுத்தியது வாடிக்கையாளரின் சலிப்பு மட்டுமல்ல, புகைச் சட்டமும்தான். பாகங்களுக்கிடையே தாராளமான இடைவெளி விட்டுக் கட்டப்பட்ட எஞ்சின் சிறிதளவு எண்ணெயையும் சேர்த்து எரிக்கும். 2010இல் நாடு முழுவதும் பாரத் ஸ்டேஜ் 3 விதி வந்தபோது அத்தகைய எஞ்சினுக்கு இடமில்லாமல் போனது.

சட்டம் ஒரு பழைய தொழில்முறையை மாற்றுவது வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்துக்குப் புதிதல்ல. பாலாற்றில் தோல் ஆலைக் கழிவு கலப்பது பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. மாசுபடுத்துபவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தில் வேரூன்றியது அந்தத் தீர்ப்பால்தான். அந்த வட்டாரத்திலும் 'அந்தக் காலத்துத் தோல்' பற்றிய ஏக்கம் உண்டு. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு வாரக்கணக்கில் பதனிட்ட தோலுக்குப் பிறகு, ஓரிரு நாளில் முடியும் குரோம் முறை பரவியது. அங்கே விரைவான புதிய முறை ஆற்றுக்குக் கூடுதல் சுமையானது. எஞ்சினில் நிலைமை தலைகீழ். புகை பழையதில்தான் அதிகம். ஆகவே பழையது என்பதாலேயே ஒன்று தூயது என்றோ, புதியது என்பதாலேயே சீர்கெட்டது என்றோ இரண்டையும் ஒரே மூச்சில் பேச இயலாது.

நிறுவனம் உடனே யு.சி.இ.க்குத் தாவவில்லை. ஆஸ்திரியாவின் ஏ.வி.எல். நிறுவனத்துடன் சேர்ந்து அலுமினிய 'லீன் பர்ன்' எஞ்சினை 1999 முதல் தயாரித்தது. தண்டர்பேர்டு, மச்சிஸ்மோ போன்ற வண்டிகளில் அது வந்தது. அதே காலகட்டத்தில் இடதுகால் கியரும் 5 கியர் பெட்டியும் நுழைந்தன. அவை இடைக்கால மாதிரிகள் என்பதால் இந்த ஒப்பீட்டில் விரிவாகச் சேர்க்கப்படவில்லை.

== யு.சி.இ. தலைமுறை ==

2008 முதல் வெவ்வேறு மாதிரிகளில் வந்த யு.சி.இ. எஞ்சின், 350 பிரிவில் அதே 70 மி.மீ. விட்டத்தையும் 90 மி.மீ. ஓட்டத்தையும் வைத்துக்கொண்டது. காற்றால் குளிர்வது, தள்ளுகோல் எனப்படும் புஷ்ராடுகளால் வால்வு திறப்பது ஆகியவையும் தொடர்ந்தன. சக்தி 19.8 குதிரைத்திறன். அரை நூற்றாண்டுக்குப் பிறகு வந்த எஞ்சின் பழையதைவிட 2 குதிரைத்திறன்கூட அதிகம் தரவில்லை. வேகத்தை எதிர்பார்த்து யாரும் இதை வாங்கவில்லை, நிறுவனமும் அதை விற்கவில்லை.

மாற்றங்கள் உள்ளே நடந்தன. மூன்று எண்ணெய்கள் ஒன்றாயின. கனெக்டிங் ராடின் அடிப்பகுதியில் புஷ்ஷுக்குப் பதில் ரோலர் பேரிங் வந்தது. டேப்பட் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் அமைப்பு வந்தது. பாயிண்ட் போய் மின்னணுப் பற்றவைப்பு வந்தது. கியர் இடது காலுக்கு மாறியது. முன்சக்கர டிஸ்க் பிரேக் பரவலானது. கிளாசிக், எலெக்ட்ரா வண்டிகளைப் பட்டனை அழுத்திக் கிளப்பலாம். அடிப்படை புல்லட் 350 மட்டும் நெடுநாள் கிக்கரோடு விற்கப்பட்டது.

வெளித்தோற்றத்தில் மாறுதல் தெரியாதபடி நிறுவனம் பார்த்துக்கொண்டது. ஹெட்லைட் கூட்டின் இரு கண்கள், பக்கவாட்டுப் பெட்டிகள், தொட்டியில் தங்கநிறக் கோடுகள் எல்லாம் அப்படியே. அம்மீட்டரும் இருந்தது. பற்றவைப்புத் தருணத்தைக் காட்டிய முள், மின்னணுப் பற்றவைப்பு வந்தபின் கிளப்புவதற்குத் தேவைப்படவில்லை. மின்னேற்றத்தைக் காட்டும் வேலை மட்டும் மிஞ்சியது. வாங்கியவர்களில் பலருக்கு அது எதற்கென்று தெரியாது. பழைய வண்டியின் உறுப்பை அதன் முதன்மைப் பயன் போனபின்பும் முகத்தில் பொருத்தி விற்றது இந்தத் தலைமுறையின் சிறிய பாசாங்கு. எஞ்சினில் நேர்மையாக நடந்த மாற்றத்தை முகப்பில் மறைக்க வேண்டிய தேவை இருந்திருக்காது.

== சத்தம் பற்றிய வாதம் ==

பழைய புல்லட்டின் 'டப்... டப்...' என்ற தாளம் எந்தத் தனிப் பாகத்திலிருந்தும் வந்ததல்ல. குறைந்த அழுத்த விகிதம், கனமான பிளைவீல், நீண்ட ஓட்டம், மிக மெதுவான ஐடிலிங், கட்டுப்பாடற்ற சைலன்சர் ஆகியவற்றின் கூட்டு விளைவு அது. ஐடிலிங்கைக் கார்புரேட்டர் திருகைக் கொண்டு எஞ்சின் அணையும் எல்லைவரை இறக்கி வைப்பதும் வழக்கம். இவற்றில் பாதி எஞ்சினுக்கு நல்லதல்ல. அவ்வளவு மெதுவாக ஓடும்போது எண்ணெய் பம்பும் மெதுவாகவே சுழலும். மேலே ராக்கர்களுக்கு எண்ணெய் போதாமல் தேய்மானம் கூடும்.

யு.சி.இ. வந்தபோது எழுந்த புலம்பலுக்கு விடையாகக் கடைவீதியில் வேறு சைலன்சர்கள் குவிந்தன. அவை எழுப்புவது பழைய தாளத்தை அல்ல, வெறும் இரைச்சலை. போக்குவரத்துக் காவலர் பிடித்து அபராதம் போடுவதும் இந்த மாற்று சைலன்சர்களுக்குத்தான். சத்தத்தை மீட்க முயன்றவர்கள் புல்லட்டின் பெயரைத்தான் கெடுத்தார்கள்.

இதே வகைச் சண்டை ஜெர்மனியில் இன்னும் பெரிய அளவில் நடந்திருக்கிறது. போர்ஷே நிறுவனத்தின் 911 கார் 1963இல் அறிமுகமானதிலிருந்து காற்றால் குளிரும் எஞ்சினோடு வந்தது. 993 என்ற உள்குறியீடு கொண்ட தலைமுறை அந்த வரிசையில் கடைசி. 1997இல் வந்த 996 தலைமுறை நீரால் குளிர்ந்தது. சத்த விதியும் புகை விதியும் இறுகியதும், சிலிண்டருக்கு நான்கு வால்வு வைக்கும்போது வெப்பத்தைக் காற்றால் மட்டும் வெளியேற்ற முடியாததும் காரணங்கள். 996 வேகமானது, தயாரிக்க மலிவானது, நிறுவனத்தின் நிதி நிலையை மீட்க உதவியது. ஆனாலும் விரும்பிகள் அதை ஏற்கவில்லை. பாக்ஸ்டர் காரோடு பகிர்ந்துகொண்ட அதன் விளக்குகளைப் பொரித்த முட்டை என்று கேலி செய்தனர். இன்று பழைய கார் சந்தையில் 993க்குக் கிடைக்கும் விலை 996க்குக் கிடைப்பதில்லை. 996 தலைமுறையில் எஞ்சினின் உள்தண்டு பேரிங் ஒன்று உடைந்து முழு எஞ்சினையும் பாழாக்கும் குறை இருந்தது. ஆகவே அங்கே விரும்பிகளின் சந்தேகத்துக்குக் கையில் பிடிக்கத்தக்க ஓர் ஆதாரமும் கிடைத்தது. யு.சி.இ. மீது அப்படியொரு குற்றச்சாட்டு நிலைபெறவில்லை. மேலும் புல்லட், போர்ஷே தாண்டிய கோட்டைத் தாண்டவில்லை. அது காற்றாலேயே குளிர்ந்தது.

== ஏலகிரிச் சாலையில் ==

இரண்டு தலைமுறைகளின் வேறுபாட்டைக் காகிதத்தைவிடத் திருப்பத்தூர் மாவட்டத்தின் ஏலகிரி மலைச்சாலை நன்றாகக் காட்டும். அடிவாரத்துப் பொன்னேரியிலிருந்து மேலே செல்ல 14 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர்கள், கடையெழு வள்ளல்கள் பெயர்கள். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வார இறுதியில் வரும் புல்லட் கூட்டங்களுக்கு இது பழகிய பாதை.

ஏற்றத்தில் பழைய வண்டிக்குக் குறை சொல்ல முடியாது. இரண்டாம் கியரில் அவசரப்படாமல் இழுக்கும். வளைவுக்குள் வேகம் குறைந்தாலும் பிளைவீலின் கனம் வண்டியை அணையவிடாது. யு.சி.இ. அதே ஏற்றத்தைச் சற்றுச் சுறுசுறுப்பாக ஏறும், ஆனால் வித்தியாசம் பேசும் அளவுக்கு இல்லை.

இறக்கத்தில்தான் வித்தியாசம். பழைய வண்டியின் முன் டிரம் பிரேக், தொடர்ந்து பிடித்தால் சூடேறிப் பிடிமானம் இழக்கும். எஞ்சினையே பிரேக்காகப் பயன்படுத்தத் தெரிந்தவருக்குப் பிரச்சினை இல்லை. வேறு வண்டி ஓட்டிப் பழகியவர் அதில் ஏறினால் ஆபத்து வேறு வகை. அவசரத்தில் வலது கால் பிரேக் என்று நினைத்து கியரை மிதிக்கும். நாட்டில் மற்ற எல்லா மோட்டார் சைக்கிளிலும் கியர் இடதுபுறம் இருக்கும்போது, ஒரே ஒரு வண்டி மட்டும் எதிர்ப்புறம் வைத்திருப்பதைத் தனித்தன்மை என்று புகழ்வது பொறுப்பற்ற பேச்சு. டிஸ்க் பிரேக், இடதுகால் கியர் இரண்டுக்காக மட்டுமே யு.சி.இ.யை மேலான வண்டி என்று சொல்லிவிடலாம்.

மலையிலிருந்து இறங்கி வாணியம்பாடி, ஆம்பூர் வழியாகச் செல்லும் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் இரண்டும் தடுமாறுகின்றன. மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டினால் யு.சி.இ.யின் கைப்பிடியிலும் கால்தாங்கியிலும் அதிர்வு ஏறுகிறது. 5ஆவது கியர் கூடக் கொடுத்தும் அதே நீண்ட ஓட்ட எஞ்சினை வைத்துக்கொண்டதன் விலை இது. ஆறுவழிச் சாலைகள் வந்தபின் வடிவமைத்த எஞ்சினுக்கு இதை மன்னிக்க முடியாது. பழைய எஞ்சினுக்காவது அது பிறந்த காலத்தில் அத்தகைய சாலை இல்லை என்ற சாக்கு உண்டு.

== ராணிப்பேட்டையின் ஜெர்மானிய வண்டி ==

இந்த வட்டாரத்துக்கும் என்ஃபீல்டுக்கும் அதிகம் பேசப்படாத ஒரு தொடர்பு உண்டு. 1980களின் தொடக்கத்தில் என்ஃபீல்டு இந்தியா, இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளுக்கென்றே ராணிப்பேட்டையில் ஓர் ஆலை அமைத்தது. தொழில்நுட்பம் ஜெர்மனியின் ட்சுண்டாப் நிறுவனத்துடையது. 50 சிசியில் சில்வர் பிளஸ், எக்ஸ்ப்ளோரர் என்ற இரண்டு சிறு வண்டிகள் வந்தன. பின்னர் ட்சுண்டாப் கே.எஸ். 175ஐ அடிப்படையாகக் கொண்ட பியூரி 175 வந்தது. 5 கியர், பிரெம்போ ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், உட்குழாய் இல்லாமல் கடினக் குரோம் பூசிய சிலிண்டர் ஆகியவற்றோடு வந்த வேக வண்டி அது. அத்தகைய சிலிண்டர் இந்திய மோட்டார் சைக்கிளுக்கு அதுவே முதல்முறை. திருவொற்றியூரில் டிரம் பிரேக் புல்லட் உருண்டுகொண்டிருந்த அதே நாளில், அதே நிறுவனம் ராணிப்பேட்டையில் ஒரு தலைமுறை முன்னால் நின்றது.

அது நிலைக்கவில்லை. ட்சுண்டாப் 1984இல் நொடித்து, அதன் இயந்திரங்கள் சீனாவுக்கு விற்கப்பட்டன. இந்தியாவில் ஜப்பானியக் கூட்டு 100 சிசி வண்டிகள் வந்து சந்தையைப் பிடித்தன. புல்லட்டும் தாய் நிறுவனத்தை இழந்த வண்டிதான், ஆனால் அதன் பாகங்கள் எல்லாம் ஏற்கெனவே இங்கே வார்க்கப்பட்டன, இங்கே கடையப்பட்டன. சிலிண்டர் தேய்ந்தால் எந்த ஊர் லேத் பட்டறையிலும் ரீபோர் செய்து பெரிய பிஸ்டன் போடலாம். குரோம் பூசிய பியூரி சிலிண்டரை அப்படிக் கடைய முடியாது. பூச்சு உரிந்தால் புதிய சிலிண்டர் தேட வேண்டும். நல்ல வண்டியா என்ற கேள்வியில் பியூரி வென்றது. கெட்டுப்போனால் யார் சரிசெய்வார் என்ற கேள்வியில் புல்லட் வென்றது.

== பழுதுபார்ப்பு ==

வார்ப்பிரும்பு புல்லட்டின் பராமரிப்பு நிறுவனத்தின் கையில் இருந்ததில்லை. ஊருக்கு ஒருவராவது 'புல்லட் மெக்கானிக்' என்று தனிப்பெயர் பெற்றிருப்பார். டேப்பட் சரிசெய்ய ஒரு சிறு மூடியைக் கழற்றி இரண்டு ஸ்பேனர் போட்டால் போதும். தள்ளுகோலை விரலால் உருட்டிப் பார்த்து இடைவெளி சரியா என்று சொல்வார்கள், அளவுகோல் தேவையில்லை. பாயிண்டைச் சுத்தம் செய்ய உப்புத்தாள். கிளட்சைத் திறக்க எஞ்சினை இறக்க வேண்டாம். கியர்பாக்ஸ் தனி என்பதால் அதை மட்டும் கழற்றலாம். விரலின் தொடுகையும் காதும்தான் இந்தத் தொழிலின் மூலதனம். அது புத்தகத்தில் எழுதப்படவில்லை, கடையில் கூட நின்ற பையனுக்குக் கைமாறியது.

யு.சி.இ. இந்த ஏற்பாட்டை ஒரே நாளில் அழிக்கவில்லை. ஆனால் தேவையைக் குறைத்தது. ஹைட்ராலிக் டேப்பட்டைச் சரிசெய்ய வேண்டாம். மின்னணுப் பற்றவைப்பைச் சுத்தம் செய்ய முடியாது, மாற்றத்தான் முடியும். எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூடு என்பதால் கியரில் கோளாறு என்றால் முழுக் கூட்டையும் பிரிக்க வேண்டும். 2020இல் பாரத் ஸ்டேஜ் 6 விதிக்காகக் கார்புரேட்டரும் போய் எரிபொருள் உட்செலுத்தும் அமைப்பு வந்தபோது, கோளாறு காண மின்னணுக் கருவி தேவைப்பட்டது. வேலை தெருமுனைக் கடையிலிருந்து நிறுவனத்தின் சர்வீஸ் நிலையத்துக்கு நகர்ந்தது. காதால் கேட்டுப் பிழை சொன்னவரின் வருமானம் இதில் குறைந்தது. சத்தத்துக்காக அழுதவர்கள் இதைப் பற்றி அதிகம் பேசியதில்லை.

எதிர்ப்பக்கத்தையும் எடை போட வேண்டும். ராயல் என்ஃபீல்டின் ஆண்டு விற்பனை 2010இல் சுமார் 50,000. 2014இல் 3 லட்சத்தைத் தாண்டியது. பழைய வண்டியின் வித்தை தெரியாதவர்கள், கற்க நேரமில்லாதவர்கள், தினமும் வேலைக்குப் போகும் வழியில் வண்டி நின்றால் சம்பளம் பிடிக்கப்படுபவர்கள் இந்தப் பெருக்கத்தில் அடக்கம். புல்லட் பெண்களும் ஓட்டும் வண்டியாக மாறியதில் பட்டன் ஸ்டார்ட்டுக்குப் பங்குண்டு. பழைய தலைமுறை மிராசுதார், காவல் ஆய்வாளர், ராணுவத்திலிருந்து திரும்பியவர் என்று ஒரு சிறு வட்டத்தின் கம்பீரமாக இருந்தது. அந்தக் கம்பீரத்தின் ஒரு பகுதி மற்றவரால் கிளப்ப முடியாது என்பதிலிருந்து வந்ததே. அதை இழந்ததற்காக வருந்தத் தேவையில்லை.

நாள்தோறும் ஓட்டுவதற்கு யு.சி.இ.யே சிறந்த வண்டி என்பதில் ஐயமில்லை. ஆனால் பிரித்துப் பூட்டும் உரிமையை வாங்குபவரிடமே விட்டுவைத்த கடைசி புல்லட் வார்ப்பிரும்பு வண்டிதான். நம்பகமான எஞ்சினும் திறக்க எளிதான எஞ்சினும் ஒன்றுக்கொன்று பகை அல்ல. இரண்டையும் சேர்த்துத் தர யு.சி.இ.யின் வடிவமைப்பாளர்கள் முயலவில்லை. பழைய முகத்தைத் தருவதிலேயே நிறைவடைந்தார்கள்.

2023 செப்டம்பரில் புல்லட்டுக்கு ஜே வரிசை எஞ்சின் வந்தது. 349 சிசி, விட்டம் 72 மி.மீ., ஓட்டம் 85.8 மி.மீ., வால்வுகளை மேலேயிருந்து நேராக இயக்கும் கேம் தண்டு. புஷ்ராடுகள் போயின, நெடுஞ்சாலை அதிர்வு பெருமளவு அடங்கியது. அது வந்த சில மாதங்களிலேயே, யு.சி.இ. வண்டியில்தான் உண்மையான சத்தம் இருந்தது என்ற பேச்சு தொடங்கிவிட்டது.